வால்வின் தலையில் டைட்டானியம்: எவ்வளவு காலம் உழைக்கும்?

ஆங் மோ கியோ நகரின் மேற்கு எல்லையாக அமைந்திருக்கும் அப்பர் தாம்சன் சாலையில் இன்று பேருந்துகளும் டாக்சிகளும் விளக்குக்கு விளக்கு நின்று நின்று செல்கின்றன. 1961 முதல் 1973 வரை இதே சாலை ஆண்டுதோறும் சில நாட்களுக்கு அடைக்கப்பட்டு, கார்களும் மோட்டார் சைக்கிள்களும் உயிரைப் பணயம் வைத்துப் பறக்கும் பந்தயத் தடமாக மாறிவந்தது. பழைய அப்பர் தாம்சன் சாலையையும் சேர்த்து ஒரு சுற்று ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர். அதிலிருந்த ஒரு வளைவுக்குப் ‘பேய் வளைவு’ என்றே ஓட்டுநர்கள் பெயர் வைத்திருந்தார்கள். விபத்துக்களும் போக்குவரத்து இடைஞ்சலும் மிகுந்ததால் 1973க்குப் பிறகு அந்தப் பந்தயம் நிறுத்தப்பட்டது. ஆங் மோ கியோ புதுநகரைக் கட்டும் வேலை தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

பந்தயம் போயிற்று, பந்தயத்தின் மேல் உள்ள ஆசை போகவில்லை. ஆங் மோ கியோ தொழிற்பேட்டைகளில் வரிசை வரிசையாக இருக்கும் கார்ப் பட்டறைகளுக்கு வரும் இளைஞர்களிற் சிலர், தங்கள் எஞ்சினிலும் பந்தய வண்டிகளில் இருப்பது போன்ற பாகங்களைப் பொருத்த விரும்புகிறார்கள். அவ்வாறு விரும்பப்படுவனவற்றுள் ஒன்று டைட்டானியத்தாலான வால்வு ஸ்பிரிங் ரிட்டெய்னர். உள்ளங்கையில் நான்கைந்தை ஒன்றாக அடக்கிவிடலாம், அவ்வளவு சிறியது. ஆனால் அது முறிந்தால் எஞ்சினே போய்விடும். பந்தயத்தில் நம்பி ஓட்டப்படும் பொருள் வீட்டுக்கும் வேலைக்கும் போய்வரும் காரில் எத்தனை நாள் உழைக்கும் என்பது, ஆகவே, வீண் கேள்வி அன்று.

தட்டின் வேலை

நான்கு வீச்சு எஞ்சினில் காற்றையும் எரிபொருளையும் உள்ளே விடவும் புகையை வெளியேற்றவும் வால்வுகள் உள்ளன. காம் தண்டின் மேடு வால்வை அழுத்தித் திறக்கிறது. மூடுவது காமின் வேலை அன்று. அது ஸ்பிரிங்கின் வேலை. வால்வின் தண்டைச் சுற்றி நிற்கும் ஸ்பிரிங் எதைப் பற்றிக்கொண்டு வால்வை மேலே இழுக்கும்? அதற்காகவே ஸ்பிரிங்கின் தலையில் தொப்பி போல ஒரு வட்டத் தட்டு அமர்த்தப்படுகிறது. தட்டின் நடுவில் கூம்பு வடிவமான துளை. அதற்குள் இரு பாதிகளாகப் பிளந்த ‘லாக்’ என்னும் சிறு துண்டுகள், வால்வுத் தண்டில் வெட்டியுள்ள பள்ளத்தைக் கவ்வியபடி செருகி நிற்கும். ஸ்பிரிங் தட்டை மேலே தள்ளத் தள்ள லாக்குகள் இன்னும் இறுக்கமாகக் கவ்வும். வேறு திருகாணியோ பற்றவைப்போ கிடையாது. எஞ்சினின் ஒவ்வொரு வால்வும் இந்தத் தட்டை நம்பித் தொங்கிக்கொண்டிருக்கிறது எனலாம்.

வேகம் குறைவாயிருக்கும் வரை தட்டு எதனால் ஆனது என்பதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. எஞ்சின் நிமிஷத்துக்கு 6,000 முறை சுழலும்போது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 50 தடவை திறந்து மூடுகிறது. 9,000 முறை சுழன்றால் 75 தடவை. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியிருக்கிறது. ஆனால் அசையும் பாகங்களைத் தடுத்துத் திருப்ப வேண்டிய விசை இரண்டேகால் மடங்காகிவிடும். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இந்த விசை உயர்வதே காரணம். ஒரு கட்டத்தில் ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாமற் போகிறது. காம் கீழிறங்கிய பிறகும் வால்வு மூடாமல் அந்தரத்தில் மிதக்கிறது. பிஸ்டன் மேலே வந்து அதை இடித்துவிடக்கூடும்.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகள். ஒன்று, ஸ்பிரிங்கைக் கடினமாக்குவது. அதனால் காமும் பிற பாகங்களும் விரைவில் தேயும். மற்றொன்று, அசையும் பாகங்களின் எடையைக் குறைப்பது. 1966ல் ஹோண்டாவின் 50 சி.சி. பந்தய மோட்டார் சைக்கிள் நிமிஷத்துக்கு 21,500 சுழற்சி வரை போயிற்று என்றால், இரண்டு சிலிண்டர்களாகப் பிரித்து வால்வுகளை மிகமிகச் சிறியனவாக அமைத்ததும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். இத்தாலியின் டுகாட்டி நிறுவனத்தார் மூடும் வேலையையும் காமிடமே ஒப்படைத்தனர். ரெனால்ட் நிறுவனம் 1986ல் பந்தய எஞ்சினிலிருந்து சுருள் ஸ்பிரிங்கையே நீக்கிவிட்டு, அழுத்தப்பட்ட வாயுவை ஸ்பிரிங்காக வைத்தது. 2008ல் சிங்கப்பூரின் மரினா பே வீதிகளில் முதல் இரவுப் பந்தயம் நடந்தபோது அங்கு ஓடிய எஞ்சின்களுக்கு விதிக்கப்பட்டிருந்த வரம்பு 19,000 சுழற்சி. அவற்றில் இந்தக் கட்டுரையின் தட்டுக்கு இடமே இல்லை. பெரும் பந்தயங்கள் கைவிட்ட சுருள் ஸ்பிரிங், அதற்கு அடுத்த படியிலுள்ள பந்தயங்களிலும் சாதாரணச் சாலைகளிலும்தான் இன்னும் ஆட்சி செய்கிறது.

கறுப்பு மணலில் பிறந்த உலோகம்

டைட்டானியம் தமிழருக்கு அந்நியமான பொருள் அன்று. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும், ஈழத்தில் திருகோணமலைக்கு வடக்கேயுள்ள புல்மோட்டையிலும் காணப்படும் கறுப்பு மணலின் பெரும் பகுதி இல்மனைட் என்னும் டைட்டானியத் தாது. மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் வெள்ளீயத்தைப் பிரித்த பின் எஞ்சும் ‘ஆமாங்’ என்ற கழிவு மணலிலும் இத்தாது உண்டு. 1791ல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரகர் என்னும் பாதிரியார் இவ்வுலோகத்தின் இருப்பை முதன்முதல் கண்டதும் இத்தகைய கறுப்பு மணலிலேதான். நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஜெர்மன் ரசாயன அறிஞர் கிளாப்ராத் அதற்கு இப்பெயரைச் சூட்டினார்.

மணல் மலிவு, உலோகம் அப்படியன்று. பிராணவாயுவையும் நைட்ரஜனையும் டைட்டானியம் எளிதில் விடுவதில்லை. எனவே சாதாரண உலையில் கரியைச் சேர்த்து இரும்பை எடுப்பது போல இதை எடுக்க முடியாது. தாதுவைக் குளோரினுடன் சேர்த்துத் திரவமாக்கி, அதை மக்னீசியத்தால் பிரிக்கும் முறையை லக்ஸம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் குரோல் வகுத்துத் தந்த பிறகே 1940களின் கடைசியில் வியாபார அளவில் உற்பத்தி தொடங்கிற்று. கேரளத்தின் சவறாவில் இந்தியாவின் டைட்டானியப் பஞ்சு ஆலை திறக்கப்பட்டது 2011ல்தான். அதற்கு முன் கரையோரத்து மணல் பெரும்பாலும் வெள்ளைச் சாயம் செய்யவே பயன்பட்டுவந்தது.

ஆங் மோ கியோவிலுள்ள தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் மத்தியக் கல்லூரியில் விமானப் பராமரிப்புப் பயிலும் மாணவர்கள் இவ்வுலோகத்தை நன்கறிவார்கள். நூற்றுக்கு ஆறு பங்கு அலுமினியமும் நான்கு பங்கு வனேடியமும் சேர்த்த டைட்டானியக் கலவையே விமானங்களில் மிகுதியாகப் பயன்படுகிறது. நல்ல ரிட்டெய்னர்களிற் பலவும் அதே கலவையில் கடைந்தெடுக்கப்படுபவை. கன சென்டிமீட்டருக்கு எஃகின் எடை 7.85 கிராம், இக்கலவையின் எடை 4.43 கிராம். அதாவது, எஃகில் 16 கிராம் இருக்கும் தட்டை அதே உருவில் டைட்டானியத்தில் செய்தால் 9 கிராம்தான்.

ஏழு கிராம் மிச்சம். இதனால் ஆவது என்ன? கணக்குக்காக, ஒரு வால்வோடு சேர்ந்து அசையும் எல்லாவற்றின் எடையும், ஸ்பிரிங்கின் பங்கு உட்பட, 100 கிராம் என்று கொள்வோம். அது 93 ஆகிறது. வர்க்கமூலக் கணக்கின்படி, 7,500 சுழற்சியில் மிதக்கத் தொடங்கிய வால்வு இனி ஏறத்தாழ 7,780 சுழற்சி வரை தாக்குப்பிடிக்கும். ஓடுபாதையின் கடைசி நேர்கோட்டில் எதிராளியை முந்தத் துடிக்கும் பந்தயக்காரனுக்கு இது பெரிய வரம். ஆனால் சிங்கப்பூரின் விரைவுச்சாலைகளில் உயர்ந்தபட்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சாதாரணக் காரின் எஞ்சின் 2,000க்கும் 3,000க்கும் இடையில்தான் சுழல்கிறது. வரம் கிடைக்கும் இடத்துக்கு வண்டி போவதே இல்லை.

வலிமை அன்று, தோல்

டைட்டானியம் மென்மையான உலோகம், ஆதலால் முறிகிறது என்று பட்டறைகளில் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. மேற்சொன்ன கலவை சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 95 கிலோ இழுவையைத் தாங்கும். பல சாதாரண எஃகுகளை விட அதிகம். ஆபத்து அதன் உட்பகுதியில் இல்லை, மேல்தோலில் இருக்கிறது.

காற்றுப் பட்ட கணமே டைட்டானியத்தின் மேல் மிக மெல்லிய ஆக்ஸைடுப் படலம் மூடிக்கொள்ளும். உப்புநீரும் பல அமிலங்களும் அதை அரிக்க முடியாமற் செய்வது இப்படலமே. ஆனால் உராய்வுக்கு அது தாங்காது. எஃகு ஸ்பிரிங்கின் கடைசிச் சுருள் தட்டின் மேல் அழுந்தி நகரும்போது படலம் கிழிகிறது. உள்ளிருக்கும் உலோகம் எஃகோடு ஒட்டிக்கொள்கிறது. அடுத்த அசைவில் ஒட்டிய இடம் பிய்ந்து வருகிறது. பிய்ந்த துகள் மறுபடி ஆக்ஸைடாகிக் கடினமான பொடியாக மாறி, சாணைத்தூளைப் போல இன்னும் அறுக்கிறது. டைட்டானியம் உஷ்ணத்தைக் கடத்துவதிலும் எஃகை விட மிக மட்டமானது. உராயும் புள்ளியில் எழும் சூடு அங்கேயே தங்கி ஒட்டுதலை விரைவுபடுத்தும். எஞ்சின் எண்ணெயில் கலந்துள்ள தேய்மானக் காப்புப் பொருள்கள் இரும்பின் மேல் படிந்து காப்பது போல இதன் மேல் படிந்து காப்பதில்லை.

ஸ்பிரிங் சும்மா நிற்கிறதே, எங்கே உராய்கிறது என்று கேட்கத் தோன்றும். அது நிற்பதில்லை. அழுத்தும்போது ஸ்பிரிங்கின் விட்டம் மயிரிழை அளவு விரிகிறது, விடும்போது சுருங்குகிறது. சுருள் முறுக்குவதால் அதன் நுனி இப்பக்கமும் அப்பக்கமும் சிறிது திரும்புகிறது. வேகம் ஏற ஏற ஸ்பிரிங் முழுவதுமே மெல்லச் சுற்றத் தொடங்கும். தட்டையாகத் தீட்டப்பட்ட கடைசிச் சுருளின் முனை கத்தி போலிருந்தால், தட்டில் வட்டமாக ஒரு வாய்க்கால் வெட்டப்படும்.

இங்கேதான் பந்தயத்துக்கும் ஊர்ச்சாலைக்கும் உள்ள வேற்றுமை வெளிப்படுகிறது. ஸ்பிரிங் தட்டை அழுத்தும் பலம், வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதைப் பெரும்பாலும் பொறுத்ததன்று. 8,000 சுழற்சியில் அழுத்தும் அதே ஸ்பிரிங், சிவப்பு விளக்கில் நிற்கும்போதும் அதே பலத்தோடு அழுத்துகிறது. ஆகவே தேய்மானத்துக்குக் கணக்கு, எத்தனை முறை என்பதே. இரண்டு மணி நேரப் பந்தயத்தில் 8,000 சுழற்சியிலேயே ஓடினாலும் ஒரு வால்வு 4,80,000 தடவைதான் திறந்து மூடும். அன்றாடம் ஒரு மணி நேரம், சராசரி 2,000 சுழற்சியில் ஓடும் கார் ஆண்டுக்கு 2 கோடியே 19 லட்சம் தடவை. பத்து ஆண்டில் ஏறத்தாழ 22 கோடி. அதாவது 450க்கும் மேற்பட்ட பந்தயங்கள்! எந்தப் பந்தயக்காரனும் ஒரே தட்டை 450 பந்தயங்களுக்கு வைத்திருக்க மாட்டான். சில பந்தயங்களுக்கு ஒருமுறை எஞ்சினைப் பிரிப்பான்; தட்டைப் பார்ப்பான்; சந்தேகம் வந்தால் எறிந்துவிடுவான். ‘பந்தயத்தில் நிரூபிக்கப்பட்டது’ என்ற விளம்பர வாக்கியம் பொய்யன்று. எத்தனை மணி நேரத்துக்கு நிரூபிக்கப்பட்டது என்பதை அது சொல்வதில்லை, அவ்வளவே.

போதாததற்கு, இத்தகைய தட்டை வாங்குகிறவர் பெரும்பாலும் கடினமான ஸ்பிரிங்கையும் சேர்த்தே வாங்குகிறார். எடையைக் குறைத்துச் சம்பாதித்த சலுகை அதனால் வேக வரம்பை உயர்த்தப் பயன்படலாம். ஆனால் நாள் முழுதும் தட்டு தாங்க வேண்டிய அழுத்தம் கூடிவிடுகிறது.

வாய்க்கால் ஆழமானால் இரண்டு கேடுகள். தட்டு அவ்விடத்தில் மெலிகிறது. மெலிந்த இடத்தின் கூர்மையான மூலையில் உலோகக் களைப்பு விரிசலைத் தொடங்கி வைக்கிறது. வழவழப்பான டைட்டானியம் களைப்பை நன்றாகத் தாங்கும். கீறல் பட்ட டைட்டானியம் தாங்காது. மற்றொரு கேடு நடுத்துளையில் நேர்வது. லாக்குகள் கூம்பை அகட்டிக்கொண்டு கீழிறங்கும். எஃகை ஒப்பிட டைட்டானியத்தின் விறைப்பு பாதியளவே என்பதால் துளை விரிந்து கொடுக்கும். எது முந்தினாலும் முடிவு ஒன்றே: தட்டு கைவிட, வால்வு சிலிண்டருக்குள் விழ, பிஸ்டன் அதை மேல்மூடியோடு வைத்து நசுக்கும்.

ஆலைகள் கண்ட வழி

கார் ஆலைகள் டைட்டானியத்தைத் தொடாமலில்லை. 1990ல் வெளிவந்த ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். காரின் கனெக்டிங் ராடுகள் டைட்டானியக் கலவையால் ஆனவை. 1998ன் டொயோட்டா ஆல்டெஸ்ஸா காரின் எஞ்சின் வகையொன்றில் வால்வுகளே டைட்டானியம். மிட்சுபிஷி நிறுவனம் சில எஞ்சின்களில் ரிட்டெய்னர்களையும் ‘பீட்டா’ வகை டைட்டானியக் கலவையில் செய்தது. இவை வாடிக்கையாளர் கையில் பல ஆண்டுகள் ஓட வேண்டியவை. ஆகவே உராயும் பரப்புகளை வெற்று உலோகமாக விடாமல் கடினமாக்குவதில் ஆலைகள் பெருங்கவனம் செலுத்தின. டைட்டானியம் நீண்ட காலம் உழைக்காது என்ற முடிவுக்கு இதனால் இடமில்லை. வெற்று டைட்டானியம் எஃகின் மேல் உராய்ந்தபடி நீண்ட காலம் உழைக்காது என்பதே சரி.

கடைகளில் விற்கும் தட்டுகளிலும் இத்தகைய காப்பு உண்டு. பொன்னிறத்தில் மின்னுவது டைட்டானியம் நைட்ரைடுப் பூச்சு. குரோமியம் நைட்ரைடும் வைரத்தை ஒத்த கரிப் பூச்சும் வேறு சில. அடுப்பில் காற்றோடு சூடேற்றி ஆக்ஸைடுத் தோலைத் தடிப்பாக்குவது இன்னொரு முறை. பூச்சுகளின் கனம் சாதாரணமாக ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குகளே. அடியிலுள்ள உலோகம் அழுத்தத்தில் குழைந்தால், களிமண்ணின் மேல் வைத்த கண்ணாடி போலப் பூச்சு நொறுங்கும். நொறுங்கிய பூச்சுத் துகள் வேறு சாணைபிடிக்கும். வண்ணத்துக்காக மட்டும் மின்சாரத்தால் நீலமும் ஊதாவும் ஏற்றிய தட்டுகளும் வருகின்றன. அந்த நிறம் கண்ணுக்கு அழகு. உராய்வுக்குக் காப்பு என்று கொள்ள வேண்டியதில்லை.

இன்னொரு வழி எஃகிடமே திரும்புவது. கருவிகள் செய்யப் பயன்படும் உயர்ந்த கலவை எஃகைப் பதப்படுத்தினால் சதுர மில்லிமீட்டருக்கு 170 கிலோ தாங்கச் செய்யலாம். எடையால் வகுத்துப் பார்த்தால் டைட்டானியத்துக்குக் கிடைப்பது 21.4, இதற்கு 21.7. இரண்டும் சமம்! ஆகவே எஃகுத் தட்டை மெல்லியதாகக் கடைந்து, டைட்டானியத்தின் எடையை மிக நெருங்கலாம். உராய்வுத் தொல்லையோ இல்லை. தேனீக்கூடு போல மேலே குறுகிய ஸ்பிரிங்கைப் பயன்படுத்தினால் தட்டின் அகலமே சுருங்கிவிடும். அதிலும் எடை குறையும். விலையுயர்ந்த உலோகம் இல்லாமலே விரும்பியதில் பெரும் பகுதி கிடைக்கிற வழிகள் இவை. விளம்பரத்தில் ‘டைட்டானியம்’ என்ற சொல்லுக்குள்ள கவர்ச்சி ‘கருவி எஃகு’ என்ற சொல்லுக்கு இல்லாதது இவற்றின் துரதிருஷ்டம்.

சிங்கப்பூரில் இந்தத் தேர்வுக்கு ஒரு தனிக் கனம் உண்டு. இங்கு கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்கே வழங்கப்படுகிறது. 2023 அக்டோபரில் பெரிய கார்ப் பிரிவில் அதன் கட்டணம் மட்டுமே 150,000 வெள்ளியை எட்டியது. ஐந்தாம் ஆண்டில் ஒரு தட்டு முறிந்து எஞ்சின் பாழானால் வண்டி பட்டறையில் கிடக்கும். சான்றிதழின் நாள்கள் கழிந்துகொண்டே இருக்கும்.

ஏற்கெனவே பொருத்திவிட்டவர்கள் என்ன செய்வது? வால்வு மூடியைக் கழற்றிப் பார்ப்பது பெரிய வேலை அன்று. தட்டின் ஓரங்களிலும் எண்ணெயிலும் சாம்பல் நிறப் பொடி தென்பட்டால் தேய்மானம் தொடங்கிவிட்டது என்று அறியலாம். ஸ்பிரிங்கை இறக்கித் தட்டைத் திருப்பி, ஸ்பிரிங் அமரும் விளிம்பில் விரல் நகத்தை ஓட்ட வேண்டும். நகம் தடுக்கினால் அத்தட்டை மறுபடி பொருத்தலாகாது. விரிசல் இருக்கிறதா என்று பார்க்க எஃகுக்குச் செய்யும் காந்தத் தூள் சோதனை இதற்கு உதவாது, ஏனெனில் டைட்டானியத்தைக் காந்தம் ஈர்ப்பதில்லை. சாயத்தைத் தடவித் துடைத்து, விரிசலிலிருந்து மீண்டும் கசிகிறதா என்று பார்க்கும் சோதனையே ஏற்றது. (காந்தம் வேறொரு விதத்தில் உதவும்: டைட்டானியம் என்று சொல்லி விற்ற தட்டில் காந்தம் ஒட்டிக்கொண்டால் வாங்கியவர் ஏமாந்தார்.) லாக்கின் சரிவும் தட்டுத் துளையின் சரிவும் ஒன்றாயிருக்க வேண்டும், ஏழு பாகைத் துளையில் பத்துப் பாகை லாக்கைப் போட்டால் அது விளிம்பில் மட்டுமே பற்றும். கடைசியாக, பொருத்திய நிலையில் லாக்கின் இரு பாதிகளுக்கும் இடையே இருபுறமும் மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். பாதிகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டு நின்றால் அந்தப் பிடியை நம்பலாகாது. தண்டைப் பிடித்திருப்பதாகத் தோன்றும் லாக் உண்மையில் தன்னைத்தானே பிடித்துக்கொண்டிருக்கிறது.